லடாக்கில் ஒருநாள் மலைநடை: நன்றாக நடப்பவர்களும் சறுக்கும் இடங்கள்

வெள்ளியங்கிரியை விடிவதற்குள் ஏறி இறங்கியவர்களும் லடாக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். காலில் வலு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லடாக்கின் முக்கிய ஊரான லேயின் விமான நிலையமே 3,256 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஜிம்முக்குப் போய் இதைச் சரிக்கட்ட முடியாது.

அதனால் பெரிய தவறு நடைபாதையில் நடப்பதில்லை, டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. லீவு ஐந்து நாள்தான் என்று, இறங்கிய மறுநாளே மலையேறத் திட்டம் போடுகிறார்கள். குறைந்தது இரண்டு முழு நாளாவது லேயில் சும்மா இருங்கள். மணாலி வழியாகச் சாலையில் வந்தால் உடம்பு தானாகப் பழகிவிடும் என்பதும் அரைகுறைக் கணக்கு: வழியில் பலரும் தங்கும் சர்ச்சு, லேயைவிட உயரம். ஸ்ரீநகர், கார்கில் வழிதான் மெதுவாக ஏற்றும்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மேலே நடப்பது அடுத்த தவறு. வலி அடங்கும், உயரத்தால் வந்த கோளாறு அடங்காது. கூட வருபவர் தடுமாறினால், குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை இருக்கிறதுதான், ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ஜிங்சனிலிருந்து ரும்பக் கிராமம் வரை போய்த் திரும்புவது நல்ல ஒருநாள் நடை. ஓடையை ஒட்டிய குறுகலான பள்ளத்தாக்குப் பாதை. பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். இங்கே ஓடைகளில் ஓடுவது பெரும்பாலும் பனி உருகிய நீர். காலையில் கல்லுக்குக் கல் தாண்டிய அதே இடத்தில், வெயில் ஏறிய பிறகு கல்லே தெரியாது. தண்ணீர் கலங்கி, அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். முழங்காலளவுதானே என்று இறங்காதீர்கள், இழுத்துவிடும். ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கி, மதியத்துக்குள் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவதுதான் சரி.

லேயில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதை நம்பி மேகத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஆபத்து. மரமில்லாத சரிவு மழையைப் பிடித்து வைக்காது, சேறும் கல்லுமாகக் கீழே தள்ளிவிடும். 2010 ஆகஸ்டில் லேயைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அப்படி வந்ததுதான். மேலே வானம் கறுத்தால் ஓடைப்படுகையில் நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

தண்ணீரில் ஏமாறுவது எளிது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது, தாகமும் தெரியாது. சாயங்காலம் முதுகில் வெள்ளையாய் உப்புக்கோடு தெரியும்போதுதான் எவ்வளவு இழந்தோம் என்பது புரியும். ஆளுக்கு மூன்று லிட்டர் வேண்டும். மேலே யாக்கும் ஆடும் மேய்வதால் ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.

குறுக்குவழி ஆசையும் கூடாது. காற்றில் தூசி, ஈரம் இல்லாததால் தொலைவில் இருக்கும் கணவாய் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். சரிவில் தெரியும் ஒற்றையடித் தடங்கள் பலவும் பரல் எனப்படும் காட்டாடுகள் போட்டவை. அவற்றுக்குச் சறுக்கும் பொடிக்கல் ஒரு பொருட்டே இல்லை, நமக்கு அப்படியா?

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் அநேகமாகச் செத்துவிடும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குமேல் தாமதமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை டிரைவரிடமும் தங்குமிடத்திலும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.