ஸ்டாம்ப், ஸ்டொம்ப்: குழப்பம் தீர ஒரு குறிப்பு

காரைக்குடிப் பக்கம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் ‘ஸ்டொம்ப்’ (stomp) என்ற சொல்லைக் கண்டதும், ‘ஸ்டாம்ப்’ (stamp) என்பதைத்தான் தவறாக அச்சிட்டுவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறார்கள். அச்சுப் பிழை இல்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிள்ளைகளுக்கு இதை விளக்க உரலும் உலக்கையுமே போதும். பழைய ஆங்கிலத்தில் ஸ்டாம்ப் என்பதன் மூலச்சொல்லுக்கு உரலில் போட்டு இடிப்பது என்றே பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றும் இடிப்பதையும் காலால் ஓங்கி மிதிப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் மல்லி இடிப்பதைப் பாருங்கள். பூண் போட்ட உலக்கை நேராக, முழுக் கனத்தோடு இறங்குகிறது. கால் அப்படி இறங்கினாலும் ஸ்டாம்ப், முத்திரை இறங்கினாலும் ஸ்டாம்ப். அஞ்சலுக்கு முத்திரை குத்திவந்த பிரிட்டன் 1840-ல் ஒட்டும் அஞ்சல் தலையை வெளியிட்டது. முத்திரையின் பெயர் அந்தத் துண்டுத் தாளுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஸ்டொம்ப் என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஸ்டாம்பின் உயிரொலி மாறி வந்த வடிவம். பின்னாளில் ஜாஸ் இசையில் ஒரு துள்ளல் நடனத்துக்கும் அதுவே பெயரானது.

எதை எங்கே எழுதுவது? கோபத்தில் நின்ற இடத்திலேயே காலை ஓங்கித் தரையில் அடித்தால் ஸ்டாம்ப் பொருந்தும். கோபித்துக்கொண்டு மாடிப்படி அதிரத் திம் திம்மென்று ஏறிப் போனால் ஸ்டொம்ப் என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மாடு புகுந்து நாற்றை மிதித்துத் துவைத்துவிட்டால் இரண்டும் வேண்டாம், அதற்கு ‘டிராம்பிள்’ இருக்கிறது.