‘ஆய்வில் நிரூபணம்’ என்ற செய்தியை நம்பலாமா? கட்டுரையைத் திறந்து பார்க்கும் முறை

‘ஆய்வில் நிரூபணம்’ என்று ஒரு செய்தி கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை, எண்களைப் பொறுமையாகப் படித்தால் போதும். நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மூலக் கட்டுரைக்குப் போங்கள்

செய்தியின் அடியில் ‘10.’ என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் (ஆய்வுக் கட்டுரையின் தனி அடையாள எண்) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆய்வாளர் பெயரையும் தலைப்பையும் கூகுள் ஸ்காலர், பப்மெட் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளங்களில் தேடுங்கள். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டாலும் சுருக்கத்தைப் பெரும்பாலும் இலவசமாகப் படிக்கலாம். ‘எலிகளில்’ என்று சுருக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல் செய்தித் தலைப்பில் காணாமல் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

படி 2: எங்கே வெளியானது?

ப்ரீபிரிண்ட் என்றால் துறை வல்லுநர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். சரிபார்த்ததாகச் சொல்லும் இதழ்களும் எல்லாம் ஒன்றல்ல. 2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்து எழுதிய போலிக் கட்டுரையை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன.

படி 3: எத்தனை பேர், எதை அளந்தார்கள்?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பலவீனமான ஆய்வும் எளிதில் செய்தியாகிவிடும் என்று அதே போஹானன் 2015-ல் செய்து காட்டினார். சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்ற கட்டுரை அது. பல நாடுகளில் தலைப்புச் செய்தியானது. ஆய்வை உண்மையாகவே நடத்தினார்கள், எண்களும் பொய்யில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் 15 பேர்தான், அவர்களும் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டவர்கள். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள்.

இதில் என்ன கோளாறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையில் விளைவே இல்லாதபோதும், ஓர் அளவீட்டில் தற்செயலாக ‘விளைவு’ தென்படும் வாய்ப்பு 5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. தென்படாமல் இருக்கும் வாய்ப்பு 0.95. 18 அளவீடுகளுக்கும் சேர்த்து அதை அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் (0.95 × 0.95 × … என்று 18 முறை) ஏறக்குறைய 0.4. அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒன்றிலாவது ‘விளைவு’ தென்பட சுமார் 60 சதவீத வாய்ப்பு. அவர்களுக்கு எடை அமைந்தது, வேறொன்றும் அமைந்திருக்கலாம்.

எனவே இரண்டு கேள்விகளை விடாதீர்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இருந்ததா? எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்தார்களா? மருத்துவச் சோதனையாக இருந்தால் பதிவு எண் பெரும்பாலும் கட்டுரையிலேயே இருக்கும். பதிவில் ஓர் அளவீட்டை முதன்மையாகச் சொல்லிவிட்டு, கட்டுரையில் வேறொன்றை முன்னிறுத்தியிருந்தால் எனக்கு நம்பிக்கை பாதி போய்விடும்.

படி 4: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

‘ஆபத்து 50 சதவீதம் அதிகம்’ என்றால் பதறுவோம். 10,000 பேரில் 2 பேருக்கு வரும் நோய் 3 பேருக்கு வந்தாலும் 50 சதவீதம்தான். எத்தனையிலிருந்து எத்தனை என்று கட்டுரையின் அட்டவணையில் தேடுங்கள்.

படி 5: பணம் யாருடையது?

கடைசிப் பக்கங்களில் நிதி விவரம் இருக்கும். நிறுவனப் பணம் என்பதற்காகவே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் அப்படிப்பட்ட கட்டுரையில் படி 3-ஐ இன்னொரு முறை செய்யுங்கள்.

படி 6: வேறு யாருக்கும் அதே முடிவு வந்ததா?

உளவியலில் 100 ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்த முடிவு 2015-ல் வெளியானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க (அதாவது, படி 3-ல் சொன்ன 5 சதவீத வரம்பைத் தாண்டிய) விளைவைக் காட்டியிருந்தன. மறுமுறை செய்தபோது 36 சதவீதத்துக்குத்தான் அது கிடைத்தது. ஆகவே ஒற்றை ஆய்வை முதல் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கைகளின் எளிய சுருக்கம் இலவசமாகவே கிடைக்கிறது.

பயிற்சி

எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, ‘லான்செட்’ மருத்துவ இதழின் 1998-ம் ஆண்டுக் கட்டுரையைத் தேடித் திறவுங்கள். படி 3-ல் நின்று எண்ணுங்கள்: குழந்தைகள் 12 பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. பிறகு டி.ஓ.ஐ. எண்ணைப் பப்மெட்டில் இட்டுப் பாருங்கள். 2010-ல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட குறிப்பு தலைப்போடு சேர்ந்தே வரும்.