பாக் நீரிணையை ஐம்பது வயதுக்கு மேல் நீந்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது நீச்சல் கண்ணாடியோடு கடலில் இறங்கக் கூடாது என்பதையெல்லாம் இலங்கையின் தலைமன்னார் வரை போகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குச் சுமார் 30 கி.மீ. வயது தடையில்லை. தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் ஓட்டோ தேனிங் 2014இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு 73 வயது. ஆனால் அந்தக் கால்வாய்க்கு எழுதிய அறிவுரையை இங்கே பின்பற்றுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

குளிருக்குத் தயாராவது

ஆங்கிலக் கால்வாயில் கோடையிலும் நீர் 15 முதல் 18 டிகிரிதான். அதனால் உடம்பில் கொழுப்பு ஏற்றுவார்கள், சூடான பானம் குடிப்பார்கள். பாக் நீரிணையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 27 முதல் 30 டிகிரி இருக்கும். ஏற்றிய கொழுப்பு இங்கே சூட்டை வெளியே விடாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. போட்டியில் இறந்த அமெரிக்க நீச்சல் வீரர் ஃபிரான் கிரிப்பனுக்கு வயது 26. இன்று சர்வதேசப் போட்டிகளில் நீர் 31 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி.

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கடலுக்குள் வியர்ப்பது தெரியாது. வயது ஏற ஏறத் தாக உணர்வும் மங்கிவிடும். கூடவே வரும் வல்லத்திலிருந்து (படகு) பாட்டிலை வீசினால், "இப்ப வேண்டாம், அடுத்ததுல பாத்துக்கலாம்" என்று கையசைத்துவிட்டுப் போவார். வல்லத்தில் இருப்பது மகனோ மருமகனோ, பெரியவரை அதட்ட வாய் வராது. ஏழாவது மணி நேரத்தில் நிமிடத்துக்கு 56 ஆக இருந்த கைவீச்சு 46க்கு இறங்கியிருக்கும். அப்போது பதறிப்போய் அரை லிட்டரை ஒரே மூச்சில் கொடுப்பார்கள். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் விழுங்கிய வயிறு அத்தனையையும் வெளியே தள்ளும். தவறவிட்டதைப் பிறகு சேர்த்துக் குடித்து ஈடுகட்டவே முடியாது.

அளவைப் பயிற்சியிலேயே கண்டுபிடியுங்கள். இரண்டு மணி நேரம் நீந்துவதற்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டினால் உங்கள் வியர்வைக் கணக்கு வரும். 70 கிலோ உள்ளவருக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை.

பலருக்கு 25 நிமிடத்துக்கு ஒருமுறை 200 முதல் 250 மி.லி. சரியாக வரும். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), கால் டீஸ்பூன் உப்பு, ஐஸ்பெட்டியில் வைத்த குளிர்ச்சி. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். பாட்டிலை எட்டு மீட்டர் கயிற்றில் கட்டி வீசுங்கள். வல்லத்தைத் தொட்டால் நீச்சல் செல்லாது. மல்லாந்தபடி 30 விநாடியில் முடித்துவிட வேண்டும், நின்றால் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போகும்.

குடித்த அளவையும் கைவீச்சையும் நோட்டில் எழுத, அதட்டத் தெரிந்த ஒருவரை வல்லத்தில் வையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை மறுத்தாலோ, பெயரைக் கேட்டால் பதில் குழறினாலோ மேலே ஏற்றிவிட வேண்டும். இதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

மாத்திரையை மறைப்பது

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு அளவையும் அன்றைய மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தோள் வலிக்கிறதென்று நடுவழியில் ஐபுப்ரோஃபன் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

இருமலைப் பொருட்படுத்தாமல் நீந்துவது

மூச்சு முட்டி, நுரையோ ரத்தம் கலந்த சளியோ வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உடனே வெளியேறுங்கள்.

வாசலினை வெறுங்கையால் பூசுவது

அதே கைதான் நீச்சல் கண்ணாடியைத் தொடும், பார்வை மங்கிவிடும்.

கரை தெரிந்ததும் பானத்தை நிறுத்துவது

அரிச்சல்முனை மணல் கண்ணில் பட்ட பிறகும், நீவாடு குறுக்கே இழுத்தால் இரண்டு மணி நேரம் ஆகலாம். கால் மணலில் படும்வரை 25 நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.