முள் உள்ளேயே இருக்கும், பாருங்கள்
மதுரை கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் காலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன மாதம் எனக்கு ஒரே காலையில் இரண்டு பஞ்சர். இரண்டாவது முழுக்க என் தப்பு. அவசரத்தில் மாற்று டியூபைப் போட்டேன், முள்ளை டயரிலேயே விட்டுவிட்டேன்.

அதனால் டியூபை உருவும் முன்பே, வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரின் உள்பக்கம் தேடுங்கள். டியூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம், எனவே வால்வுக்கு இரண்டு பக்கமும். வெறும் விரலை விடாதீர்கள், பழைய துணியால் தடவுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். முனை ஒடிந்து ரப்பருக்குள் புதைந்திருந்தால் வெளியே தெரியாது. அந்த இடத்தில் டயரை மடக்கினால் தலைகாட்டும்.

டியூபில் ஓட்டை தெரியவில்லையா? காற்றடித்துக் கன்னத்தருகே பிடித்துச் சுற்றுங்கள், சில்லென்று படும்.

அப்புறம் பேட்ச். உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி, பளபளப்பு போகும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நாகமலை தாண்டுவதற்குள் பிரிந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் வேலையாக இருக்காது. காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருப்பீர்கள்.