அக்ரிலிக் விளிம்பு பளபளத்தால் மட்டும் போதாது

பைக்கில் கூடுதல் எல்.இ.டி. விளக்கு மாட்ட கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் 6 மி.மீ. ஷீட்டை அறுத்து நானே ஒரு தாங்கி செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில வாரங்களில் போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடி, விளக்கு வயரில் தொங்கியது. அக்ரிலிக் வளைந்து கொடுக்காது. ரம்பப் பல் விட்டுப்போன சின்னக் கீறல் போதும், வண்டியின் அதிர்வு அங்கேதான் விரிசலைத் தொடங்கும். விளிம்பைத் தேய்ப்பது அழகுக்கான வேலை என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

பளபளப்புக்காக டார்ச் நெருப்பை ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். சில நொடிகளில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் மேல்தோல் மட்டும் உருகி, ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடுகிறது. அப்புறம் தின்னரோ ஸ்பிரிட்டோ தொட்ட துணியால் துடைத்தால், சற்று நேரத்தில் மயிரிழை விரிசல்கள் வரிசையாகக் கிளம்பும். பெட்ரோல் பட்டாலும் இதே கதிதான். லேசரில் வெட்டி வாங்கிய துண்டின் விளிம்பும் உருகி ஆறியதுதான், அதற்கும் இது பொருந்தும். இறுக்கத்தைப் போக்க 80 டிகிரிக்குப் பக்கத்தில் சீரான சூட்டில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். வீட்டில் அது எளிதல்ல. எடை தாங்கும் துண்டுக்கு நெருப்பே வேண்டாம், துடைக்க சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, கையால் எப்படி? பாதுகாப்புத் தாளை உரிக்காமல், அரத்தால் ரம்பத் தடத்தை எடுங்கள். ஹாக்ஸா பிளேடின் முதுகை விளிம்பில் சாய்த்து இழுத்தால் சுருள் சுருளாகச் சீவி வரும். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்: 220, 400, 600, 1000 (எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும்). நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் அடியில் தங்கிவிடும், மேலே மினுக்கினாலும் போகாது. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் சூடாகி, தூள் பிசின் மாதிரி தாளில் அப்பிக்கொள்ளும்.

போல்ட் ஓட்டையின் உட்சுவரும் ஒரு விளிம்புதான். நான் மறந்தது அதைத்தான். தாளைப் பென்சிலில் சுற்றி உள்ளே தேயுங்கள், வாயின் கூர்மையையும் மழுக்குங்கள். 'எல்' வடிவில் வெட்டுவதானால் உள்மூலையில் முதலில் ஒரு ஓட்டை போட்டு, அதுவரை அறுங்கள். கூரான உள்மூலை நிச்சயம் பிளக்கும்.

ஓட்டையைப் போல்ட் அளவுக்கே போடாதீர்கள். 30 செ.மீ. அக்ரிலிக், 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 7 மி.மீ. ஓட்டை, இருபுறமும் ரப்பர் வாஷர். மரை இளகாமலிருக்க விடும் பசையும் அக்ரிலிக்கை வெடிக்க வைக்கும், நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். ஹாலஜன் விளக்கின் சூட்டுக்கு அக்ரிலிக் இளகும், அதற்கு இரும்புப் பட்டைதான்.

மாட்டும் முன் துண்டை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கினால், 400 தாளை மறுபடி கையில் எடுங்கள்.