வயசு மேல் பழி போடாதீர்கள்: மனநலத்தில் நம் வீடுகள் செய்யும் தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். பெரியப்பா காலமாகி மூன்று வருடமாகிறது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். விடிவதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிற மனுஷி. போன ஆடி மாதம் அந்தக் கோலம் நின்றுபோனது. குனிய முடியவில்லை போலிருக்கிறது, வயசாகிவிட்டதே என்று நாங்கள் விட்டுவிட்டோம். அப்புறம் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்து கெட்டது. ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்தார். பேரனின் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. உடனே குடும்பம் கூடி, "மறதி நோய்தான், இனி இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டது.

அது மறதி நோய் இல்லை, மனச்சோர்வு. தைராய்டு, பி12 அளவு, காது கேட்கும் திறன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் டாக்டர் அதைச் சொன்னார். முதியவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாது. மறதி, உடம்பு வலி, பசியின்மை, "எதுக்கு இதெல்லாம்" என்ற அலுப்பு என்று வேறு வேஷத்தில் வரும். மாத்திரை ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சாயங்காலம் கோயில் வரை நடக்கவும் ஆரம்பித்து, இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வாசலில் சின்னதாக நாலு புள்ளிக் கோலம் இருந்தது. நாங்கள் முன்பே கேட்டிருந்தால் அத்தனை மாதம் அவர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இதில் நான் கண்டது, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சமாதான வார்த்தை நம்மிடம் தயாராக இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் "பச்சை உடம்பு", பத்தாவது படிக்கிற பையனுக்கு "வயசுக் கோளாறு", இருபத்தைந்து வயது இளைஞனுக்குக் "கால்கட்டு போட்டா சரியாயிடும்", எழுபதுக்கு "வயசானா அப்படித்தான்". சொல்லிவிட்டால் நம் மனது ஆறிவிடுகிறது. அவர்களுடையது ஆறுவதில்லை.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பத்தியம், குளியல், சாம்பிராணி எல்லாம் ஒழுங்காக நடக்கும். பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள், பால் போதுகிறதா என்று கேட்பார்கள். "நீ தூங்கினியாம்மா?" என்று அவளைக் கேட்க ஆளில்லை. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், "நான் நல்ல அம்மா இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்றோ, குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்றோ நிலைகொள்ளாமல் பேசினால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. பால் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் பெரிய தவறு, மார்க்கை மட்டும் பார்ப்பது. மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சினேகிதர்களை விட்டு ஒதுங்குவது, ஆசையாக ஆடிய கிரிக்கெட்டை நிறுத்துவது, பொசுக்கென்று கோபப்படுவது எல்லாம் திமிர் இல்லை, அறிகுறியாக இருக்கலாம். பிளஸ் டூ, நீட் ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பிளஸ் டூவுக்குத் துணைத் தேர்வு இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே, சாதாரணமாகச் சாப்பிடும்போது சொல்லிவையுங்கள்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயம். அப்படி ஆகாது. கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்கள்தான் அதிகம். ஆமாம் என்று பதில் வந்தால் புத்திமதி வேண்டாம், ரகசியமாக வைத்திருக்கிறேன் என்ற சத்தியமும் வேண்டாம். கூடவே இருங்கள், மாத்திரை மருந்துகளைக் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும். அவரைத் தண்டிப்பதற்கு இல்லை அந்தச் சட்டம், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தரும் பொறுப்பு அரசுக்கு என்கிறது.

கல்யாணம் மருந்து இல்லை. இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தேகப்படும் மகனுக்குப் பெண் பார்க்கப் போவது, இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்துத் தண்டிப்பது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) போன்ற நோய்களில் சிகிச்சை தள்ளிப்போகப் போகக் குணமாவது கடினமாகிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் இந்த நோய்க்காகவே வந்த அமைப்பு. மனநோய் தீருமென்று நம்பிப் போகும் ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை தைரியம் தருமென்றால் போய் வாருங்கள், மாத்திரையை மட்டும் கூடவே எடுத்துப் போங்கள். கட்டிவைக்கும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவது இன்று சட்டப்படி குற்றம்.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டலையும் விடலாம். 1794-ல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனைக்கு வெளிநோயாளியாக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. அங்கே போகக் கூச்சமாக இருந்தால் சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.ஹெச்சிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு.

வீட்டுக்குள் மட்டும் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை இது. நகரத்துக்குள் குடிசையை இடித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பாருங்கள். அம்மா வீட்டுவேலை பார்த்த வீடுகள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. பழகிய தெருவும் அவசரத்துக்குக் கைமாற்று தரும் அக்காவும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கவுன்சலிங் முகாம் நடத்தி போட்டோ எடுத்துக்கொள்வது போதாது. பள்ளி ஆண்டின் நடுவில் குடும்பங்களை இடம் மாற்றாமல் இருப்பதும், நேரத்துக்குப் பஸ் விடுவதும், பக்கத்திலேயே வேலை கிடைக்கச் செய்வதும்கூட மனநலப் பாதுகாப்புத்தான். முகாமை விட எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன.

கடைசியாக மாத்திரை. மனச்சோர்வுக்கான மருந்து தூக்க மாத்திரை இல்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு இன்னும் கூட. பத்து நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துகிறவர்களும், மூன்றாம் மாதம் "நல்லாயிட்டேன்" என்று நிறுத்துகிறவர்களும் பழைய இடத்துக்கே வந்து நிற்பதுண்டு. நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் தடவை போகும்போது, தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு எப்படி, மாற்றம் எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுகர், பிரஷர் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் அடுத்த தேதியை, அவர் கண்ணில் படுகிற மாதிரி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.