மிளகாய்க் களத்துக் காவலுக்குப் போகும் முன்

ராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முண்டு மிளகாய் உண்டு. பழம் காயும் நாட்களில் களத்திலேயே யாராவது காவலுக்குப் படுக்க வேண்டும். நாலு வருசம் முன்னால் அப்படிப் படுத்த சித்தப்பா, விடியக்காலையில் வயிறு வலிக்கிறது என்றார். சூடாக இருக்கும் என்று மதினி மோர் கரைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கட்டுவிரியன் கடி. கடித்த இடத்தில் வலி, வீக்கம் இல்லாமலே இருக்கலாம், பல்தடம்கூடத் தெரியாமல் போகும்.

108-க்கு அடித்தேன். அடையாளம் கேட்டார்கள். "கருவேலங்காட்டுக்குப் பக்கத்துல" என்றேன். இந்த மாவட்டத்தில் எதுதான் கருவேலங்காட்டுக்குப் பக்கத்தில் இல்லை? வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னும் பின்னும் அலைந்தது. சித்தப்பாவுக்கு ஆயுசு கெட்டி.

அதிலிருந்து, ரோட்டில் எந்த அய்யனார் கோயிலில் திரும்ப வேண்டும், எத்தனையாவது மடை என்று அட்டையில் எழுதிக் கொட்டகைக் கம்பில் கட்டிவிடுகிறோம். போன் பேசுகிறவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும். இன்னொருவர் டார்ச்சோடு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: பாம்புக்கடி ஊசி இருக்கிறதா? ராத்திரி போட டாக்டர் இருப்பாரா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

வண்டி வரும்வரை கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், மோர் உட்பட. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து அசையாமல் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். பாம்பைத் தேடிப் போகிற வீரர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களை ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

களத்தில் தரையில் படுக்காதீர்கள். கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவலையைச் சுற்றிச் செருகிக்கொள்ளுங்கள்.

மருந்தடித்து யாருக்காவது தலை சுற்றினால் மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள். அதில் என்ன விஷம் என்று பார்த்துத்தான் வைத்தியம்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பழம் பறிக்கும் காலத்தில் வீடு பூட்டிக் கிடக்கும். எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு மாதம் அப்படியே தவறிப்போனது. இப்போது மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் போன் நம்பர் கொடுத்திருக்கிறோம். பொழுது சாய்ந்து வருகிறார்.